காகம் இல்லாத ஊரில் அமாவாசை

டக். டக்டக். டக்.

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தின் மேல் ஒரு தகரக் கூரை. நண்பகலில் ஒரு காகம் வந்து அதில் அலகால் தட்டும். குக்கர் அடங்குவது அதற்கு எப்படித் தெரிகிறதோ. விசில் ஓய்ந்து, ஆவி இறங்கி, நான் மூடியில் கை வைக்கும் நொடியில் மேலே டக்டக். முன்பெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் ஏறியதே இல்லை. சுரங்கத்து நிலக்கரியைச் சுமந்தோடும் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் இந்த ஊரில் யார் காதிலும் ஏறாதது போல. இப்போது அது கேட்டால் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடுகிறது. கண்முன் வருவது வேறு இடம். உலகத்தின் அடிப்பக்கத்தில், ஒரு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால், சுற்றிலும் வெள்ளையாகக் கிடக்கும் நிலத்தில் ஒரே ஒரு கறுத்த பாறை. பாறை மேல் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு பிடிச் சோறு. நான் நேரில் பார்க்காத தட்டு அது. என் வீட்டு அலமாரித் தட்டுகளைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த தட்டு.

நான் கால்நடை மருத்துவர். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில், பறவைக் காய்ச்சல் வராமல் தடுக்கும் வேலையில் கால் ஓயாமல் அலைந்தவள். கணவர் இங்கே சுரங்கத்தில் பர்மனென்ட். ஒரு கட்டத்தில் அலைச்சலை விட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு உட்காரத் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் கடற்பறவைகளோடு பறந்து பறந்து அந்தக் காய்ச்சல் தென் துருவப் பனிக்கண்டத்தையே தொட்டுவிட்டது. அங்கே பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பனியும் காற்றும்தான். யாரிடம் பரிசோதனைக் கருவி இருக்கிறது, யாரிடம் ஹெலிகாப்டர் இருக்கிறது, ஒரு பறவை செத்து விழுந்தால் முதலில் யாருக்குச் சொல்வது, பெங்குவின் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பூட்ஸை எதில் கழுவுவது. இதையெல்லாம் கோர்த்துக் கட்ட ஒரு சிறு குழு அமைத்தார்கள். கோர்க்கிற ஊசி நான். ஊசி எங்கே இருந்தால் என்ன? நெய்வேலியில் இருந்தது.

அடுத்த குவார்ட்டர்ஸ் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

"ஏங்க, அந்தப் பனியில கோழி இருக்குதுங்களா?"

"கோழி இல்லீங்க. பெங்குவின்."

"அதுக்கு ஜுரம் வந்தா உங்களுக்கு ஏங்க போன் பண்றாங்க?"

அதற்குள் அடுத்த போன் அடித்தது.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பிளாக்கின் சாலைகளில் மர நிழலாகப் பார்த்து நடந்தபடிதான் கூட்டங்களை நடத்துவேன். மேலே வேப்பம்பூ உதிரும், காதுக்குள் பனிக்காற்று அடிக்கும். காலடியில் அனல் நிலையத்துச் சாம்பல் மெல்லியதாகப் படிந்திருக்கும். "பூட்ஸைக் கழுவினார்களா? நன்றாகத் தேய்த்தார்களா? அடிப்பக்கமும்?" என்று ஆங்கிலத்தில் கை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு போவேன். நான் யாருடனோ சொத்துத் தகராறு பேசுவதாக எதிர் வீட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்திருந்தாராம்.

"டவுன்ஷிப்லயே ஷிப்ட் இல்லாம ஓடுறவ நீ ஒருத்திதான்" என்பார் கணவர்.

ஒரு மதியம், வெயில் தாங்காமல் வீட்டுக்குள் இருந்தே வீடியோ கூட்டம் நடத்தினேன். நம் நாட்டு நிலையம் ஒன்றின் மருத்துவர் திரையில் பேசிக்கொண்டிருந்தார். கேரளத்துக்காரர். மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகள் எத்தனை மீதி என்று அவர் சொல்லும்போது இங்கே ஷிப்ட் சங்கு ஊதியது. நீளமாக, வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி. மைக்கை அணைக்க மறந்திருந்தேன். மருத்துவரின் தோளுக்குப் பின்னால் தட்டில் ரொட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒருவன் அப்படியே நின்றான். திரும்பினான். திரைக்குள் முழு முகத்தையும் கொண்டுவந்து வைத்தான்.

"மேடம், அது சங்குதான? நெய்வேலியா நீங்க?"

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக்காரன். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பனிமேல் போகும் சங்கிலிச் சக்கர வண்டிகளை ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பித்து, குளிர் மலையில் பயிற்சி முடித்து, பனிக்கண்டத்துக்கே போய்ச் சேர்ந்தவன். அந்த நிமிடத்திலிருந்து நான் அவனுக்கு அக்கா. அவன் பெயரை எழுதப் போவதில்லை. தம்பி என்பது போதும்.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தம்பி எட்டிப் பார்ப்பான். "அக்கா, ஒரு வாட்டி சங்கு கேக்க முடியுமா?" என்பான். நேரம் பொருந்தினால் ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டுவேன். அங்கே அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தெரியும். அவன் கிளம்பிப் போன சில வாரங்களில்தான் மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்ததாம். நம் ஊர்க் கோடையில் குழந்தை பிறக்கும். அதற்குள் ஊர் திரும்பும் கப்பல் கிளம்பிவிடும், கிளம்பினால் வந்து சேர்ந்துவிடலாம். எந்தப் பேச்சை எடுத்தாலும் தம்பி அந்தக் கப்பலில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவான்.

தை அமாவாசை கழிந்த சில நாட்களில், ஜெனரேட்டர் ஷெட் பக்கம் ஒரு ஸ்குவா செத்துக் கிடந்தது.

ஸ்குவா ஒரு கடற்பறவை. பழுப்பு நிறம், நம் காகத்தைவிடப் பெரிது. பெங்குவினின் முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்னும். செத்ததையும் விடாது. அதனாலேயே காய்ச்சல் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஒரு ஸ்குவா செத்தால் எங்கள் குழு முழுக்க நிமிர்ந்து உட்காரும். மருத்துவர் கவச உடை போட்டுக்கொண்டு போய்ச் சோதனைக்கு மாதிரி எடுத்தார். அந்தப் பக்கம் கயிறு கட்டி அடைத்தார்கள். அன்றைய கூட்டத்தில், நிலையத்தில் இருக்கும் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துக் கேட்டேன். "யாராவது அந்தப் பறவையின் அருகே போனீர்களா? தொட்டீர்களா? உணவு கொடுத்தீர்களா?"

இல்லை என்று தலைகள் ஆடின. தம்பியின் தலை ஆடவில்லை. அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

"அக்கா, தனியா பேசணும்."

"சொல்லு தம்பி."

"திட்டக் கூடாது."

"திட்டுற மாதிரி என்ன பண்ணே?"

"அந்தப் பறவ..." இழுத்தான். "அது எனக்குத் தெரிஞ்ச பறவக்கா."

நான் நடப்பதை நிறுத்தினேன். பிளாக்கின் முனையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடி.

"அமாவாசன்னிக்கு எங்கப்பாவுக்குப் படைக்கணும்ல. வூட்ல அவ படைச்சிட்டா, காக்காவும் வந்துட்டுதுன்னு சொன்னா. ஆனா ஒரே புள்ள நான் இருக்கேன்ல. நான் வைக்காம எப்படி துன்றது? கிச்சன் குக்கு கிட்ட சொல்லி ஒரு வட போட்டு வாங்கினேன். சோறு, சாம்பாரு, வட. ஷெட்டுக்குப் பின்னாடி பாற மேல வச்சிட்டு, கா... கா...ன்னு கூப்ட்டேன்."

சிரித்துவிடக் கூடாது என்று மரப்பட்டையை நகத்தால் கீறிக்கொண்டேன்.

"வந்துதா?"

"வந்துதுக்கா! தொம்னு எறங்கி ஒக்காந்துட்டு என்னயே மொறச்சிகினு இருந்துது. அப்புறம் வடய மட்டும் தூக்கினு போயிட்டுது. எங்கப்பாவும் மொதல்ல வடயதான் எடுப்பாரு."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

பனிக்கண்டத்தில் எந்தப் பறவைக்கும் எதையும் உண்ணக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாத காலத்திலேயே அது சட்டம். பயிற்சியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். தம்பியும் கேட்டிருக்கிறான். வேடிக்கையாகத் தீனி போடுவதைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். படையல் தீனியில் சேரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பயிற்சிப் பாடத்தைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் தோன்றவில்லை.

"தட்டு என்னாச்சு தம்பி?"

"எடுத்தாந்து கிச்சன்ல கழுவி வச்சிட்டேன்."

"எல்லாரும் சாப்புடுற தட்டோடயா?"

"ஆமாக்கா."

"நிலையத் தலைவர்கிட்ட சொல்லணும். இப்பவே."

"சொன்னா என்னைத் தனியா வச்சிருவாங்கக்கா. கப்பல்ல ஏத்த மாட்டாங்க. வுட்டா அடுத்த கப்பலு அடுத்த வருசம். அப்போ புள்ள நடக்கும். என்னைப் பாத்து யாருன்னு அவங்கம்மாவக் கேக்கும்."

"தெரியும்."

"காக்காவே இல்லாத ஊருக்கா இது. எங்கப்பா எதுலதான் வருவாரு, சொல்லுங்க?"

மரத்தைச் சுற்றி வந்தேன். அந்த நேரம் பார்த்துச் சுரங்கப் பேருந்து ஒன்று ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடந்து போனது.

"தம்பி, இங்க கிரேன் ஓட்டுனியே, ரிலீவர் வர்றதுக்கு முன்னாடி மிஷின்லேர்ந்து எறங்குவியா?"

"எறங்கக் கூடாதுக்கா."

"அவர் வந்ததும் சாவியக் குடுத்துட்டுப் போயிருவியா?"

"அதெப்படி? பிரேக்கு இழுக்குதா, கேபிள் நைஞ்சிருக்கான்னு வாயால சொல்லிட்டுதான் போவணும். சொல்லாம போனா வர்றவன் செத்தான்."

சொல்லி முடித்ததும் அது தனக்கும்தான் என்று அவனுக்கு உறைத்தது. நான் அதற்கு மேல் இழுக்கவில்லை.

"நீங்களே தலைவர்கிட்ட சொல்லிடுங்களேன்க்கா."

"நான் சொன்னா அது உன்மேல புகார் மாதிரி ஆயிரும். நீ சொன்னா, நம்ம ஆளு தானா வந்து சொன்னான்னு இருக்கும். சாயங்காலக் கூட்டத்துக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லித்தான் ஆகணும். அதையும் இப்பவே உன்கிட்ட சொல்லிட்டேன்."

அன்று மதியம் குழம்பில் உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. கணவர் ஊறுகாயை இரண்டு தடவை எடுத்துப் போட்டுக்கொண்டார். போடவில்லை போல.

சாயங்காலக் கூட்டம் தொடங்கும் முன்பே தம்பி சொல்லிவிட்டிருந்தான். தலைவர் வடக்கத்திக்காரர், பெருங்குரல். கத்தித் தீர்த்திருக்கிறார். எல்லாத் தட்டுகளையும் கொதிநீரில் போடச் சொல்லியிருக்கிறார். தம்பியை ஒரு தனிக் கன்டெய்னர் அறைக்கு அனுப்பியிருக்கிறார். வாசல்வரை கூடவே போனவர், கதவை மூடும்முன் கேட்டாராம்: "உன் அப்பா சாப்பிட்டாரா?"

இனி வேலை என்னுடையது. கப்பல் கரைப் பனியோரம் வந்து நின்றுவிட்டது. கடல் உறைவதற்குள் கிளம்ப வேண்டும். சோதனை முடிவு தெரியாமல் தம்பியை ஏற்ற மாட்டேன் என்றார் கப்பலின் கேப்டன். அவர் சொன்னது நியாயம்தான், கப்பல் நிறைய ஆட்கள். நம் நிலையத்தில் சோதிக்கும் கருவி இல்லை. இருப்பது வேறொரு நாட்டு நிலையத்தில். அங்கே போக ஹெலிகாப்டர் வேண்டும், அதுவோ கப்பலுடையது. நாங்கள் மாதக்கணக்கில் எழுதி எழுதித் திருத்திய திட்டத்தில், ஆளுக்கு ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் பறக்கும் என்று இருந்தது. செத்த பறவையின் மாதிரிக்குப் பறக்குமா என்று இல்லை. எத்தனை கூட்டம் போட்டோம், இந்த ஒரு கேள்வி எங்கள் யார் வாயிலும் வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேப்டனிடம் பேசினேன், எங்கள் குழுவின் ஆட்களை எழுப்பிப் பேசினேன். "பறவைக்காகக் கேட்கவில்லை, ஒருவன் வீட்டுக்குப் போக வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைவில்லை. கருவி இருந்த நிலையத்தின் பெண்மணிக்குக் காய்ந்த குரல், சுருக்கமான பேச்சு. "மாதிரி ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தால் சோதிப்பேன். ஒழுகினால் தொட மாட்டேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நம் மருத்துவர் இதற்கு முன் மாதிரி கட்டி அனுப்பியதில்லை. வீடியோவில் சொல்லிக் கொடுத்தேன். கைக்குக் கிடைத்தது என் சமையலறை. சின்ன ஊறுகாய்ப் பாட்டிலை மூடி, பஞ்சில் சுற்றி, ஜிப் கவருக்குள் வைத்து, கவரைக் கணவரின் டிபன் பாக்ஸுக்குள் வைத்து, அதைப் பெரிய முறுக்கு டின்னுக்குள் இறக்கிக் காட்டினேன். உள்ளே எது உடைந்தாலும் வெளியே ஒரு சொட்டு வரக்கூடாது. மருத்துவர் அங்கே அவருடைய குழாயையும் பெட்டியையும் வைத்து அப்படியே செய்தார்.

"இது எலுமிச்சை ஊறுகாயா?" என்றார் நடுவில்.

"நார்த்தங்காய்."

"இங்கே தீர்ந்துவிட்டது" என்று பெருமூச்சு விட்டார்.

ஹெலிகாப்டர் கிளம்பத் தயாரானபோது காற்று பிடித்துக்கொண்டது. எந்தத் திட்டத்துக்கும் அடங்காத காற்று. மறுநாள் முழுக்க விடவில்லை. நான் துணி காயப்போடப் போனால் மரத்தில் ஒரு இலைகூட அசையாமல் நெய்வேலி வெயில் நின்றுகொண்டிருந்தது. இங்கிருக்கும் இந்த அசைவின்மையில் கொஞ்சம் வெட்டி அங்கே அனுப்ப முடிந்தால்! பெல்ட்டில் ஏற்றி, கன்வேயர் கன்வேயராக மாற்றி, கடலுக்கு அடியில் ஓட்டி. சுரங்கத்து ஊரில் இருப்பவளுக்குக் கற்பனையும் அப்படித்தான் ஓடும்.

கன்டெய்னர் அறையிலிருந்து தம்பி ஒருமுறை கூப்பிட்டான்.

"ஜுரம் இருக்கா?"

"இல்லக்கா. பசிதான் இருக்குது."

"பயமா இருக்கா?"

"இருக்குது. ஆனா தூக்கம் வருதுக்கா. சொல்றதுக்கு முன்ன அது வரல."

அதற்கடுத்த நாள் காற்று இறங்கியது. பெட்டி பறந்தது. முடிவு வந்த நேரம் நான் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காய்ந்த குரல்காரி இரண்டு வாக்கியம் சொன்னாள். வைரஸ் இல்லை. திரும்பவும் சோதித்தேன், இல்லை. பறவையின் இறக்கை முறிந்திருந்ததாக மருத்துவர் எழுதியிருந்தார். ஆன்டெனாவை இழுத்துக் கட்டிய கம்பியில் மோதியிருக்கலாம். நான் வெங்காயக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, புள்ளைக்கு வேல கெடச்சிட்டுதா?" என்றார் அவர்.

"இல்லீங்க, பறவைக்கு ஜுரம் இல்லயாம்."

"நல்லதுங்க" என்று இரண்டு வெங்காயம் கூடப் போட்டார்.

தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். தப்பு தப்புதான் என்று வாங்கிக்கொண்டு, கப்பல் ஏறினான். மாசி அமாவாசை கடலில் வந்தது. பறவைகள் கப்பலைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தனவாம். அவன் அவற்றின் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே ஒரு தட்டில் அப்பாவுக்கு எடுத்து வைத்துக் கும்பிட்டிருக்கிறான். கூட ஊர் திரும்பிக்கொண்டிருந்த மருத்துவர் வந்து, "காகத்துக்குப் பதிலாக நான் இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாராம். முதலில் வடையைத்தான் எடுத்தாராம்.

அடுத்த அணிக்கான பயிற்சியில் நான் வீடியோவில் பேசினேன். சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால், "வீட்டில் பறவைக்குச் சோறு வைக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். பாதிக் கூடம் தூக்கியது. தமிழர்கள் மட்டுமில்லை, வடக்கத்திக்காரர்களும். அப்புறம் பேசுவது சுலபமாக இருந்தது. படையலை மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம், கூட இருப்பவருக்குக் கொடுக்கலாம், பறவைக்கு மட்டும் வேண்டாம் என்று திட்டத்தில் இப்போது இருக்கிறது. அதைச் சேர்த்த அன்று ரொம்ப காலத்துக்குப் பிறகு ஒரு நாற்காலியில் முழுசாக ஒரு டீ குடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பலாப்பழம் சந்தைக்கு வரத் தொடங்கிய சமயத்தில், ஒரு காலையில் வாசலில் பைக் சத்தம். தம்பி. பனி வெயிலில் மூக்கும் கன்னமும் கறுத்து, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்து, ஏதோ பறவை மாதிரியே இருந்தான். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பலாப்பழத்தை அணைத்து வைத்திருந்தான்.

"பொண்ணுக்கா. நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்குக் கூட்டியாந்தோம்."

"உன்ன யாருன்னு கேட்டாளா?"

"கேக்கல. கைல வாங்குனதும் சட்டைய நனைச்சிட்டா."

பழத்தைப் பார்த்ததும் கணவர் எண்ணெயும் கத்தியுமாக வந்துவிட்டார். வாசலிலேயே உட்கார்ந்து பிளந்தோம். பிசினை வழித்தபடி தம்பி பனியைப் பற்றிச் சொன்னான். சூரியன் மறையாமல் வட்டம் அடிப்பதை, வண்டியை நிறுத்தினால் காதுக்குள் சொந்த ரத்தம் ஓடுவது கேட்பதை. ஷிப்ட் சங்கு ஊதியது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். ஜன்னலைத் திறக்க வேண்டிய தேவை இல்லாமல், முழுச் சத்தமாக, அவன் நேராகக் கேட்டான்.

நண்பகலில் அவன் கிளம்பும்போது பின்பக்கத் தகரத்தில் டக்டக் ஆரம்பித்தது. தம்பி ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி தலையைச் சாய்த்து அதைக் கேட்டான். பைக்கில் ஏறி உட்கார்ந்தும் கிளப்பாமல் என்னைப் பார்த்தான்.

"அக்கா, வூட்டுக்குப் போயி காக்காவுக்கு ஒரு பிடி வைக்கப் போறேன். புள்ள பொறந்ததச் சொல்லணும்ல அப்பாகிட்ட. இங்க வைக்கலாம்ல?"

"வை தம்பி. வச்சிட்டுக் கைய சோப்புப் போட்டுக் கழுவு. அப்புறம் புள்ளயத் தூக்கு."